நாலு பிள்ளைகளும் ஒரு பாய்மரப் படகும்: குடும்பக் குழுவில் திட்டியவர்களுக்கு என் பதில்



பதிவு நீளம். நேரம் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசியில் எண் போட்டு எழுதியிருப்பதையாவது படியுங்கள். மே மாதம் பிச்சாவரம் போகிற வேனில் உங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

விஷயம் குடும்பக் குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், நமக்குச் சொந்தமும்கூட. பெயர் வேண்டாம். சென்னையில் வேலை. நாலு பிள்ளைகள். மூத்தவளுக்கு 11, அடுத்தவனுக்கு 8, கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், 5 வயது. பாய்மரப் படகு ஓட்டுவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டான். போன வாரம் பிள்ளைகளையும் அழைத்துப் போய், லைஃப் ஜாக்கெட் மாட்டிய நாலு பேரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டான்.

அதற்கு வந்த பதில்களில் சில:

“நாலும் பெத்தது கடல்ல விடவா?”

“கையில காசு சேர்ந்தா புத்தி இப்படித்தான் போகும்.”

“பெத்தவ எப்படி சம்மதிச்சா?”

“சின்னவனுக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் சொன்னது மறந்துபோச்சா?”

“குடும்பத்தோட வெளிய போகணும்னா கோயிலுக்குப் போ, பார்க்குக்குப் போ. உன் ஆசைக்குப் பிள்ளைங்களை ஏன் பணயம் வைக்கிற?”

அவன் ஒரு பதிலும் போடவில்லை. மறுநாள் பார்த்தால் படத்தை எடுத்துவிட்டிருந்தான். பெரியவர்கள் சொன்னதற்கு எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை. அவன் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். நானும் பெரியவள்தான், எனக்கு அந்தத் தடை இல்லை.

முதலில் ஒன்று செய்தேன். அவனைத் தொலைபேசியில் பிடித்து, வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவனை விசாரிப்பது போல ஒரு மணி நேரம் விசாரித்தேன். நாலு பேரையும் ஒரே படகில் ஏற்றினாயா? இல்லை டீச்சர். சின்னப் படகு, ஒரு தடவைக்கு ஒரு பிள்ளை மட்டும். மற்ற மூன்று பேரும் கரையில் அம்மாவோடு. நடுக்கடலா? இல்லை டீச்சர், துறைமுகத்துக்கு உள்ளே அலை அடங்கிய தண்ணீர். கவிழ்ந்தால்? மோட்டார் வைத்த மீட்புப் படகு ஒன்று பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்று அதிகமாக இருந்தால்? அன்றைக்குப் போக மாட்டோம், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியுமா? பெரியவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சின்னவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஜாக்கெட்டில் காலுக்கு இடையில் ஒரு பட்டை உண்டு, அதையும் மாட்டினால்தான் படகுக்குக் கிட்டே விடுவேன்.

மூத்தவள் தனியாகவே குட்டிப் படகு ஓட்டப் பழகுகிறாள். ஆப்டிமிஸ்ட் என்று பெயர். 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காகவே செய்தது. 1947இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். ஏழே முக்கால் அடி நீளம், எடை 35 கிலோ. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் பாய்மரம் பழகுவது பெரும்பாலும் இதில்தான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று என்ன தெரியுமா? படகைக் கவிழ்ப்பது. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, படகைத் தானே கவிழ்த்து, தண்ணீரில் விழுந்து, பதறாமல் படகைப் பிடித்து, நிமிர்த்தி, மறுபடி ஏறி உட்கார வேண்டும். அது வந்த பிறகுதான் மற்றது. நாற்பது வருஷத்துக்கு முன் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள் நான். இதைவிட நல்ல பாடத் திட்டம் நான் பார்த்ததில்லை.

இப்போது இன்னொரு படத்தைப் பற்றிப் பேசுவோம்.

இதே குழுவில், இந்த வருஷம் காணும் பொங்கலன்று ஒரு படம் வந்தது. ஏதோ ஓர் ஏரி, ஊர் வேண்டாம். ஒரே படகு. பழக்கதோஷம், நான் தலைகளை எண்ணினேன். பெரியவர்கள் 14, பிள்ளைகள் 9. ஒரு உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இல்லை. இரண்டு பேர் நின்றுகொண்டு செல்ஃபி. ஒரு கைக்குழந்தை, பட்டுப்புடவை கட்டிய அம்மாவின் மடியில். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம். அந்தப் படத்துக்கு எத்தனை ஹார்ட்! “சூப்பர் ஃபேமிலி”, “கண்ணு படப் போகுது, சுத்திப் போடுங்க” என்று வாழ்த்து மழை. இந்த வாரம் அவனைத் திட்டியவர்களில் மூன்று பேர் அந்தப் படகில் உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவர் நின்றுகொண்டிருந்தவர்.

ஜாக்கெட் போட்டு, நீந்தக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போனவன் பொறுப்பில்லாதவன். இருபத்துமூன்று பேரை ஒரே கட்டையில் ஏற்றிய நாம் பாசமுள்ள குடும்பம். இந்தக் கணக்கை எந்தப் பலகையில் போட்டாலும் எனக்கு விடை வரவில்லை.

தண்ணீரில் போனவர்களின் கணக்கையும் சொல்கிறேன். இவை எல்லாம் செய்தித்தாளில் வந்தவை. நீங்களும் அன்றைக்குப் படித்து “அய்யோ பாவம்” என்று சொல்லியிருப்பீர்கள்.

2011 டிசம்பர் 25, பழவேற்காடு ஏரி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சுற்றிப் பார்க்க வந்த உறவுக் கூட்டம் படகில் போனது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒரே நாளில் சொந்தங்கள் மொத்தமாகப் போயின.

2009 செப்டம்பர் 30, தேக்கடி. இரண்டு அடுக்கு வைத்த சுற்றுலாப் படகு. விலங்கு தெரிகிறது என்று ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டபோது சாய்ந்தது என்று எழுதினார்கள். இறந்தவர்கள் 45 பேர். நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு.

2023 மே 7, கேரளாவில் மலப்புரம் மாவட்டம் தானூர். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, பொழுது சாய்ந்த பிறகு, அளவுக்கு மீறிய கூட்டத்தோடு போய்க் கவிழ்ந்தது. 22 பேர். அதில் 11 பேர் ஒரே குடும்பம். சிறு பிள்ளைகள் நிறைய. 1917ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று புதிதாக 2021இல்தான் கொண்டுவந்திருந்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. படகு தண்ணீரில் இருந்தது.

2024 ஜனவரி 18, குஜராத்தில் வதோதரா, ஹர்ணி ஏரி. பள்ளிச் சுற்றுலா. 12 மாணவர்கள், 2 ஆசிரியைகள். படகில் இருந்த எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தச் செய்தியை நான் முழுக்கப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த ஆசிரியைகளின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த நாலில் ஒன்றாவது பாய்மரப் பைத்தியம் பிடித்த அப்பாவால் நடந்ததா? பாருங்கள். எல்லாம் நம்மைப் போன்றவர்கள். விடுமுறை, வேன், புளிசாதம், சொந்தக்காரர்கள், “எல்லாரும் ஒண்ணா ஏறுங்கப்பா, போட்டோ நல்லா வரும்.” நீரில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், தண்ணீரைத் தெரிந்துகொண்டு ஆசையாகப் போகிறவனிடம் குறைவு, தெரியாமல் ஜாலியாகப் போகிறவனிடம் அதிகம் என்பேன்.

படகு ஏன் கவிழ்கிறது? அறிவியல் பாடத்தில் ஈர்ப்பு மையம் நடத்தும்போது பம்பரமும் பொம்மையும் வைத்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? கீழே கனமாக இருந்தால் நிமிரும், மேலே கனமானால் சாயும். படகும் அதேதான். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது. கூட்டம் கூடினால் படகு அமிழ்ந்து விளிம்பு தண்ணீருக்குக் கிட்டே வருகிறது. “அதோ முதலை” என்று ஒருவர் கத்தி பத்துப் பேர் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் போகிறது. ஒரு தடவை தண்ணீர் உள்ளே புகுந்தால் அந்தத் தண்ணீரும் தாழ்ந்த பக்கமே ஓடும். அதன்பிறகு நேராக்க நேரம் கிடையாது.

கவிழ்ந்த பிறகு என்ன ஆகும்? சினிமாவில் காட்டுவது போலக் கையை ஆட்டிக் “காப்பாத்துங்க” என்று யாரும் கத்துவதில்லை. மூச்சு வாங்கவே வாய் போதவில்லை, கத்துவது எப்படி? கை இரண்டும் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். சின்னப் பிள்ளை சத்தமே இல்லாமல், ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவருக்கு விளையாடுவது போலத்தான் தெரியும். அம்மா மடியில் வைத்திருந்தாளே என்கிறீர்களா? ஆறு கஜம் புடவை நனைந்து காலைச் சுற்றிக்கொண்ட பிறகு, நீந்தத் தெரியாத அம்மா பிள்ளையைப் பிடிப்பாளா, தன்னைப் பிடிப்பாளா? அம்மாவின் மடி தரையில்தான் பாதுகாப்பு.

இனி உங்கள் ஆட்சேபணைகளுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன்.

“இது பணக்கார விளையாட்டு.” ஒருகாலத்தில் அப்படித்தான். சென்னையில் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் அப்போது துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துரைமார்களின் பொழுதுபோக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டுமரம் யாருடைய சொல்? ஆங்கிலேயர் அதை அப்படியே வாங்கிக் கேட்டமரான் ஆக்கிக்கொண்டார்கள். காற்றைப் பாயில் பிடித்துக் கடலில் போனது நம் கரையோர மக்கள். கடல் நமக்கு அந்நியம் என்பது மலையடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிற நாம் சொல்வது. இந்தப் பையனின் அப்பா தேரடி வீதியில் பூ விற்றவர். அவர் மகன் படகு ஓட்டுகிறான் என்றால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

“கண்டம்.” ஜோசியம் உண்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. உங்கள் வழிக்கே வருகிறேன். ஒரு பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்று நம்புகிறீர்கள். சரி. அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் ஏரி, குளம், கிணறு, மழை வெள்ளம் எதையும் பார்க்காமல் இருக்குமா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது தென்பெண்ணைக் கரை என்ன பாடுபட்டது என்று பார்த்தோமே. தண்ணீர் நம் வீட்டு வாசலுக்கே வரும். கண்டம் உள்ள பிள்ளைக்குத்தான் முதலில் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவே பரிகாரம்.

“பெண் பிள்ளைக்கு எதற்கு?” இதைச் சொன்னவர் என் சித்தப்பா முறை. மரியாதையோடு பதில் சொல்கிறேன். என் அண்ணன்மார் மூன்று பேரும் எங்கள் நிலத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்கள் துணிக்குக் காவல். அறுபது தாண்டிய இன்றும் எனக்கு நீந்தத் தெரியாது. 2021 ஏப்ரலில் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்று நேத்ரா குமணன் பெயர் வந்ததே, அந்தப் பெண் சென்னைக்காரி. சின்ன வயதில் கோடை விடுமுறைப் பயிற்சி முகாமுக்குப் போய்த் தொடங்கியவள். யாரும் அவளைத் துணிக்குக் காவல் வைக்கவில்லை.

“பிள்ளை பெற்ற பிறகு தனக்கென்று என்ன ஆசை?” இதற்குத்தான் நான் அதிகம் பேச வேண்டும். திட்டிய எல்லோர் மனதிலும் உண்மையில் இருந்தது இதுதான்.

நம் வீட்டுச் சுற்றுலா எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதம் கிளறுகிறாள். போன இடத்திலும் பரிமாறுகிறாள், தட்டு கழுவுகிறாள், ஊட்டுகிறாள், ஈரத்துணி மாற்றுகிறாள். அப்பா ஒரு மர நிழலில் படுத்துப் போனைப் பார்க்கிறார். பிள்ளைகள் அழுகின்றன, சிப்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம். சாயந்திரம் திரும்பும்போது எல்லோரும் சிடுசிடு. யாருக்காகப் போனோம் என்றால் “பிள்ளைங்களுக்காக.” பிள்ளைகள் அன்று பார்த்தது என்ன? எதிலும் ஆர்வம் இல்லாத இரண்டு பெரியவர்களை.

முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவள் சொல்கிறேன். பிள்ளை நம் சொல்லில் கற்பதைவிட நம் கையைப் பார்த்துக் கற்பது அதிகம். தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அளவு கோணாது. அம்மா புத்தகம் படிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்புப் பாடம் தனியாக வேண்டாம். தகப்பன் ஒரு காரியத்தை ஆசையோடும் ஒழுங்கோடும் செய்வதை, கயிற்றை மூன்று தடவை சரிபார்ப்பதை, “இன்றைக்குக் காற்று சரியில்லை, வேண்டாம்” என்று தன் ஆசையைத் தானே அடக்குவதை ஒரு பிள்ளை பார்க்கிறது என்றால், அதை எந்தப் பள்ளியில் பணம் கட்டி வாங்குவீர்கள்?

பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அவரே பாய்மரப் படகு ஓட்டியவர். மகனுக்கும் அவர் வழியாகத்தான் அந்தப் பழக்கம் வந்தது. விஷ்ணு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போனார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகில் இறங்கிய மற்ற மூவரும், நேத்ரா, கணபதி, வருண், சென்னையில் வளர்ந்தவர்கள். எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போக வேண்டும் என்று சொல்லவில்லை. கடலே இல்லாத வேலூரில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு தகப்பனின் ஆசை கடலைக் காட்டியது என்றுதான் சொல்கிறேன்.

சரி, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014இல் ஓர் அமெரிக்கத் தம்பதி 3 வயது, 1 வயதுப் பெண் குழந்தைகளோடு பாய்மரப் படகில் பசிபிக் பெருங்கடலைக் கடக்கப் புறப்பட்டார்கள். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, சின்னக் குழந்தைக்கு உடம்பு மோசமானது, படகிலும் கோளாறு. ராணுவ வீரர்கள் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, பிறகு கடற்படைக் கப்பல் வந்துதான் காப்பாற்ற முடிந்தது. படகைக் கடலிலேயே மூழ்கவிட்டார்கள். உலகமே அந்தப் பெற்றோரைக் கேள்வி கேட்டது. நானும் கேட்பேன். மருத்துவர் எட்டாத தூரத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோகும் உரிமை எந்த ஆசைக்கும் இல்லை. பெற்றோரின் பொழுதுபோக்கு பிள்ளையின் அளவுக்கு வளைய வேண்டும். இந்தப் பையன் செய்தது அந்த வளைவைத்தான். துறைமுகத்துக்குள், ஒரு மணி நேரம், ஒரு பிள்ளை, ஒரு ஜாக்கெட், பக்கத்தில் மீட்புப் படகு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவது படிக்காமலே மார்க் போடுவது மாதிரி.

நம் ஊரையும் விட மாட்டேன். கார்த்திகை தீபம் முடிந்த பிறகு மூன்று நாள் ஐயங்குளத்தில் தெப்பம். சந்திரசேகரர் ஒரு நாள், அம்மன் ஒரு நாள், முருகர் ஒரு நாள் என்று மிதந்து வருவதைக் கரையில் கூடி நின்று பார்க்கிறோம். சாமிக்கே தெப்பம் உண்டு. கிரிவலம் 14 கிலோமீட்டர், வழியெல்லாம் தீர்த்தக் குளங்கள். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கிணறுகள் தூர்ந்தன, ஆழ்குழாய் வந்தது, குளங்களுக்குக் கம்பி போட்டாயிற்று. அந்தக் காலத்தில் கிராமத்துப் பையன்களுக்கு இருந்த நீச்சலும் இந்தத் தலைமுறைக்கு இல்லை. ஆனால் ஏரியும் கல்குவாரிக் குட்டையும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு ஏப்ரல், மே மாதமும் “குளிக்கச் சென்ற சிறுவர்கள் பலி” என்று செய்தி வருகிறது. இந்தியாவில் ஒரு வருஷத்துக்கு நீரில் மூழ்கி இறப்பவர்கள் 35,000 பேருக்கு மேல்.

தடுக்க முடியாததா? பங்களாதேஷைப் பாருங்கள். எங்கே திரும்பினாலும் தண்ணீர். அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் தட்டி கட்டி, பிள்ளைகளுக்கு நீந்தவும், மிதக்கவும், அடுத்தவரைக் கரையிலிருந்தபடியே காப்பாற்றவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஜூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாள் என்று 2021இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அன்னையர் தினத்துக்கும் தந்தையர் தினத்துக்கும் படம் போடுகிறோம். இந்த நாள் நம் குழுவில் ஒருவருக்காவது தெரியுமா?

இப்போது பிச்சாவரத்துக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த மறுநாள் வேன் பிடித்துப் போவதாகத் திட்டம். பட்டியலில் 31 பெயர், அதில் பிள்ளைகள் 12. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போவது அருமையான அனுபவம், பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த விதிகளோடு போகச் சொல்கிறேன்.

1. நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர், மாப்பிள்ளை, சம்பந்தி என்று பார்க்காமல் படகில் கால் வைக்கும் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும்போது கொடுத்த ஜாக்கெட்டை “வியர்வை நாத்தம்” என்று மடியில் வைத்துக்கொண்டார்கள் நம் ஆட்கள். நாற்றத்தால் யாரும் சாவதில்லை.

2. பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் அளவு ஜாக்கெட். மாட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். அளவு இல்லையா, அந்தப் பிள்ளை கரையில் இருக்கட்டும், நான் கதை சொல்கிறேன். காற்றடிக்கும் பொம்மை டியூபை ஜாக்கெட் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. 31 பேரும் ஒரே படகில் கிடையாது. படகுக்காரர் “இன்னும் ரெண்டு பேர் ஏறலாம் சார்” என்று சொன்னாலும் ஏறக் கூடாது. அவர் சொல்லும் அளவை நாம் மீறுவதும் கூடாது. கூடுதல் காசு கொடுத்து ஆள் ஏற்றச் சொல்வதுதான் நம் குடும்பத்தில் சாமர்த்தியம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தை வேறு எங்காவது காட்டுங்கள்.

4. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் பொறுப்பு இல்லை. “எல்லாரும் பார்த்துப்பாங்க” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். 52 பிள்ளைகளைச் சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போன காலத்தில் ஜோடி போட்டுத்தான் அழைத்துப் போவேன். விசில் ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும். என் மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த விசில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

5. படகில் எழுந்து நிற்பது, இடம் மாறுவது, விளிம்பில் உட்கார்வது, செல்ஃபி, எல்லாம் கரையோடு முடிந்தது.

6. நாலு மணிக்கு மேல் படகு ஏறக் கூடாது. மழை, காற்று, இருட்டு வந்தால் டிக்கெட் காசு போகட்டும்.

7. குடித்தவர் படகில் ஏறக் கூடாது. கல்யாணத்துக்கு மறுநாள் என்பதால் இதை எழுதுகிறேன். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

8. திரும்பி வந்த பிறகு, ஜூன் மாதத்துக்குள், ஒவ்வொரு வீடும் ஒரு பிள்ளையையாவது நீச்சலுக்கு அனுப்ப வேண்டும். பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் முதலில் பெண் பிள்ளை.

குழுவில் திட்டியவர்கள் அவனைத் தனியாக அழைத்து இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், நம் குடும்பத்தில் அது நடக்காது. “படத்தைத் திரும்பப் போடுப்பா” என்றால் போதும். பிச்சாவரத்தில் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் மாட்டும் பொறுப்பை அவனுக்கும் அவன் மனைவிக்கும் கொடுக்கலாம் என்பது என் யோசனை. நம் 31 பேரில் அதைச் சரியாக மாட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

முதல் மூன்று விதிகளுக்கு வேன் ஏற்பாடு செய்கிற தம்பி இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் என் பெயர் பட்டியலில் இருக்கட்டும். இல்லையென்றால் என் பெயரையும் என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிடுங்கள்.

மாணவர்கள் இதை உங்கள் வீட்டுக் குழுக்களிலும் பகிரலாம். எழுத்துப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். கருத்துக்குச் சண்டை போட வருகிறவர்கள் முதலில் எட்டையும் படித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவண்ணாமலை